பட்டும் நகர்மன்றத்தின் வேலைதான்

2022 மார்ச் 2-ஆம் தேதி ஆரணி நகராட்சியின் 33 வார்டு உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். அன்றைய தினம் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், ஐந்நூறை நெருங்கும் பேரூராட்சிகள் என்று தமிழ்நாடு முழுக்கப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதே உறுதிமொழியை வாசித்தார்கள். மாலைக்கும் சால்வைக்கும் எந்த ஊரிலும் குறைவில்லை. இரண்டு நாள் கழித்து, மார்ச் 4 அன்று, உறுப்பினர்கள் மறுபடி கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆரணியில் தி.மு.க.வின் ஏ.சி. மணி நகர்மன்றத் தலைவரானார்.

ஊர் மகிழ்ந்ததற்குக் காரணம் இருந்தது. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில், அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மன்றங்களின் பதவிக்காலமும் முடிந்துபோனது. அதன்பிறகு தனி அலுவலர் ஆட்சி. சில மாதத்துக்கான ஏற்பாடு என்றுதான் தொடங்கியது. ஐந்து வருஷம் நான்கு மாதம் ஓடிவிட்டது. நடுவில் ஒரு பெருந்தொற்றே வந்து போனது. தெருவிளக்கு எரியாவிட்டாலும் குழாயில் கலங்கல் வந்தாலும் மனு எழுதிக்கொண்டு அலுவலகப் படி ஏற வேண்டும். 'நம்ம கவுன்சிலர்' என்று வாசலில் போய் நின்று சத்தம் போட ஓர் ஆள் கிடையாது. அப்படி ஓர் ஆள் கிடைத்ததே பெரிய விஷயம் என்று அன்றைக்கு ஊர் நினைத்ததில் தப்பில்லை.

அந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த வரிசைக்கு மாலை கட்டுவதற்கு முன்னால் ஆரணி தனக்கென்று ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். தறியை நம்பி இருக்கிற ஊரில் நகர்மன்றம் தறிக்காக என்ன செய்ய முடியும்?

பதில் எப்போதும் தயாராக இருக்கும்: "அது கைத்தறித் துறை விஷயங்க." நூல் விலை, ஜரிகை விலை, கூட்டுறவு சங்கத்தின் கூலி, பண்டிகைத் தள்ளுபடி, விசைத்தறியோடு உள்ள தகராறு, இலவச மின்சாரத்தின் அளவு எதுவும் கவுன்சிலர் கையில் இல்லை. சென்னையிலோ டெல்லியிலோ தீர்மானிக்கிறார்கள். இதெல்லாம் சரிதான். ஆனால் தறி இருப்பது நெசவாளர் வீட்டுக்குள், வீடு இருப்பது தெருவில். அந்தத் தெருவும், தெருவோரச் சாக்கடையும், விளக்கும், வீட்டுக்கு வரும் வரி ரசீதும் நகராட்சியுடையவை. நெசவாளர் வாழ்க்கையில் பாதி நகராட்சியின் கையில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அந்தப் பாதியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆரணிப் பட்டு காஞ்சிபுரத்தின் நிழலில் வளர்ந்தது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. ஊர்க்காரர்களுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. கனம் குறைவு, விலை கைக்கு அடக்கம், கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்கு மட்டுமில்லாமல் சித்தி, அத்தை, நாத்தனார் எல்லாருக்கும் எடுக்கலாம் என்பது அதன் பலம். புவிசார் குறியீடும் பெற்ற பட்டு. செங்குந்தர்களும் சௌராஷ்டிரர்களும் தலைமுறை தலைமுறையாகத் தறியில் உட்கார்ந்த ஊர். நகரத்தோடு முடிவதில்லை, சேவூர், முனுகப்பட்டு, தேவிகாபுரம் என்று சுற்றுப்புறக் கிராமங்களிலும் தறிச் சத்தம் கேட்கும். அரிசி ஆலைகளும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்திருக்கின்றன, ஆனால் ஆலைக்குக் குரல் கொடுக்க ஆள் உண்டு.

நெசவாளர் தெருவைப் பார்க்க வேண்டுமானால் விடிவதற்குள் போக வேண்டும். மூன்று நான்கு சேலைக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். இரண்டு முனையிலும் கழி. வீட்டுப் பெண்கள், பெரியவர்கள், பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, அறுந்த இழையைத் தேடி முடிந்து, ஒட்டிய இழையைப் பிரித்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து நீவி விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். வெயில் ஏறினால் இழை முறுகிவிடும். காற்றில் புழுதி பறந்தால் பட்டில் படியும். ஒரு மோட்டார் சைக்கிள் அவசரமாக நுழைந்தால் போதும், ஒரு குடும்பத்தின் மாதக் கூலி சிக்கலாகிவிடும். இந்த வேலைக்கு ஊரில் வேறு இடம் கிடையாது. நேரான, புழுதி இல்லாத, காலை ஏழு மணி வரை வண்டி வராத தெரு வேண்டும். இதைக் கைத்தறித் துறையால் கொடுக்க முடியாது. குறிப்பிட்ட தெருக்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு வண்டி வேண்டாம் என்று காவல் துறையோடு பேசுவதற்கும், அந்தத் தெருக்களை முதலில் கூட்டிப் பெருக்குவதற்கும், தோண்டிப் போட்ட பள்ளத்தை அன்றைக்கே மூடச் சொல்வதற்கும் கோட்டை வரை போக வேண்டாம்.

தெருவை விடப் பெரிய பிரச்சினை வீட்டுக்குள் இருக்கிறது. தறிக்குழியில் காலை விட்டுத்தான் நெசவாளர் உட்கார்கிறார், மிதி குழிக்குள் இருக்கிறது. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும். அடை மழை என்றால் தண்ணீரே நிற்கும். பாவு நமுத்து இழைகள் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் தறி நின்றால் கூலியும் நின்றது. இதை இயற்கை என்று விட்டுவிடலாம், அந்த வீட்டுக்கும் ரோட்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பார்க்காமல் இருந்தால். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரின் மேலேயே புதிய தாரைக் கொட்டினார்கள். சிமெண்ட் ரோடு வந்ததும் அதன் மேல் இன்னும் ஒரு அடுக்கு. அப்பா கட்டிய வீட்டுக்கு இரண்டு படி ஏறிப் போனவர்கள் இப்போது இறங்கிப் போகிறார்கள். தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. வீட்டிலேயே தாழ்ந்த இடம் தறிக்குழி.

தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் உள்ள கதைதான் இது. அதனால்தான் 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று உத்தரவிட்டார். மற்ற ஊர்களில் இந்த உத்தரவு மீறப்பட்டால் வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும், பூச்சி வரும், சுவர் ஓதமேறும். ஆரணியில் ஒரு பருவத்து வருமானமே போகும். உத்தரவு இருக்கிறது, அதை ஒப்பந்ததாரர் மதிக்கிறாரா என்று பார்க்க வேண்டியவர் யார்? மதிப்பீடும் ஒப்பந்தமும் மன்றத்தின் முன் வருகின்றன. "நெசவாளர் தெருக்களில் சுரண்டாமல் ரோடு போட்டால் பில் கிடையாது" என்று ஒரு தீர்மானம் போட 33 பேரில் 17 பேர் கை தூக்கினால் போதும். இதற்கு எந்தக் கட்சியின் தலைமையும் குறுக்கே வராது. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டின் வாசற்படி மட்டத்தையும் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னால் பொறியாளருக்குக் கூடுதலாக அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

சாக்கடையும் அப்படித்தான். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துக் கோந்து நீக்கி, பிறகு சாயம் ஏற்றுகிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது, சாக்கடையின் நிறத்தைப் பார்த்தால் தெரியும். சாயமிடுகிறவர்கள் பெரும்பாலும் சின்ன ஆட்கள். அவர்களை வில்லனாக்கிப் பூட்டுப் போடுவது சுலபம்; பொதுவாக ஓர் இடமும் சுத்திகரிப்பு வசதியும் ஏற்பாடு செய்து கொடுப்பது கடினம். ஊரைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதி ஆண்டில் பெரும் பகுதி மணலாகக் கிடக்கிறது. தண்ணீர் இல்லாத ஆற்றில் கழிவு மட்டும் போய்ச் சேர்ந்தால் அது நீர்த்துப் போகவும் வழியில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நோட்டீஸ் அனுப்பும். இடம் தேடித் தர நகராட்சியால்தான் முடியும்.

அதிகாரமே இல்லாத மன்றத்திடம் இவ்வளவு கேட்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜி, அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்குத் தாழ்த்தப்பட்ட சமூகத்து ஊழியர் ஒருவரை நியமித்து எதிர்ப்பைச் சமாளித்த கதை நமக்குத் தெரியும். இன்றைக்கு ஒரு நகர்மன்றத் தலைவர் அப்படி ஒருவரைத் தன் இஷ்டத்துக்கு நியமித்துவிட முடியாது. நிர்வாக அதிகாரம் ஆணையரிடம். ஆணையரை இடமாற்றம் செய்வது சென்னை. பெரிய குடிநீர்த் திட்டம் குடிநீர் வடிகால் வாரியத்திடம். 2021 செப்டம்பரில் ஆரணியில் ஓட்டலில் சாப்பிட்ட பத்து வயதுச் சிறுமி இறந்தபோது ஊரே கொதித்தது. ஒரு காலத்தில் ஓட்டல் சமையலறைக்குள் நுழைந்து பார்த்த நகராட்சி சுகாதார ஆய்வாளரின் அந்த வேலை, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து தனித் துறையிடம் போய்விட்டது. அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-இல் அமலுக்கு வந்து, நகராட்சிகளுக்குத் தரக்கூடிய 18 பணிகளைப் பட்டியல் போட்டது. 'தரக்கூடிய' என்பதைப் பிடித்துக்கொண்டு மாநிலங்கள் கொடுக்க விரும்பியதை மட்டும் கொடுத்தன. தமிழ்நாடும் விதிவிலக்கல்ல, மாநில சுயாட்சிக்கு இவ்வளவு குரல் கொடுத்த மாநிலத்தில் ஊர் சுயாட்சிக்குக் குரல் மெலிந்துபோவதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

புதிய உறுப்பினர்களுக்கு இந்தப் பாடம் முதல் மாதத்திலேயே கிடைத்தது. பதவியேற்று ஒரு மாதம் முடியவில்லை. ஏப்ரல் 1 அன்று சொத்து வரி உயர்வு வெளியானது. 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சென்னையின் பழைய பகுதிக்கு மட்டும் இதைவிடக் கூடுதல். அளவைத் தீர்மானித்தது அரசு; 15-ஆவது நிதிக்குழு சொத்து வரியைச் சீரமைக்காவிட்டால் மானியம் இல்லை என்றதைக் காரணமாகச் சொன்னது. ஆனால் தீர்மானம் போட வேண்டியது மன்றங்கள். பிப்ரவரியில் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டு ஓட்டு கேட்டவர்கள் அடுத்த சில வாரங்களில் அதே வீடுகளுக்கு வரி உயர்வை எடுத்துக்கொண்டு போக வேண்டி வந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் வாயைத் திறக்க முடியவில்லை, எதிர்க்கட்சியினர் பல ஊர்களில் வெளிநடப்பு செய்தார்கள். இரண்டுமே ஊருக்குப் பயன்படவில்லை.

வரி வேண்டாம் என்பது என் வாதமில்லை. பல ஆண்டுகளாக உயர்த்தாத வரியை உயர்த்தத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நகராட்சி மானியத்துக்கு நிரந்தரமாகக் கையேந்த வேண்டும். அந்த வேளையில் ஆரணி மன்றத்தில் கேட்டிருக்க வேண்டியது வேறொன்று: வீட்டின் முன் பாதியில் தறி போட்டிருக்கிற நெசவாளர் வீட்டை எப்படி அளப்பது? தறிக்கு நீளம் வேண்டும், ஆகவே வீடும் நீளம். சதுர அடியைக் கணக்கிட்டால் ஏழை நெசவாளர் வீடு அதிக விகிதத்துக்குள் போய் விழ வாய்ப்புண்டு. அதில் மனிதர்கள் புழங்கும் இடமோ கொஞ்சம். தறி நிற்கும் இடத்தைத் தனியே கழித்துக் கணக்கிடலாமா, அதற்கு விதியில் இடம் இருக்கிறதா, இல்லாவிட்டால் இடம் கேட்டு அரசுக்கு எழுதலாமா? இந்தக் கேள்வி சென்னையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தோன்றாது. பட்டு ஊரின் உறுப்பினருக்குத் தோன்ற வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வேண்டும் என்று நாம் அடித்துக்கொள்வதே இதற்காகத்தான்.

2022-இல் வந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. நகர்ப்புறங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க அரசு விதிகளை வெளியிட்டது. அரசியல் சட்டம் மூன்று லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட ஊர்களுக்குத்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்கியிருந்தது. 2011 கணக்கெடுப்பில் 63,671 பேர் இருந்த ஆரணி அந்தக் கணக்கில் வராது. மாநிலத்தின் விதி வந்ததால்தான் அதற்கும் இது கிடைத்தது. கிராம சபை போல நகரத்திலும் மக்கள் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். முதல் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தன; முதல்வர் மு.க. ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்துக்கே போனார். ஆரணி போன்ற ஊருக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று கணக்குப் போட்டால் தெரியும். 33 வார்டு, சராசரியாக வார்டுக்கு 1,900 பேர். சென்னையில் ஒரு வார்டுக்கு முப்பதாயிரத்துக்கு மேல். ஆரணிக் கவுன்சிலருக்குத் தன் வார்டில் எத்தனை தறி ஓடுகிறது, எத்தனை தறி நின்றுவிட்டது, எந்த வீட்டுக் குழியில் தண்ணீர் ஊறுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க ஒரு மாதம் போதும். அந்த நோட்டு பகுதி சபையில் படிக்கப்பட்டால் அடுத்த மன்றக் கூட்டத்தில் அதை ஒதுக்கிவிட முடியாது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடுகிறது. நெசவாளர் சங்கங்கள் தங்கள் தெருவின் சாக்கடைக்கும் தளத்துக்கும் இந்த வழியில் கேட்கலாம். கேட்பதற்கு யாராவது விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். சபை கூடுகிறது என்று தண்டோரா போடாமல், தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துப் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கும் சடங்காக விட்டுவிட்டால் அதுவும் போச்சு.

பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது; 2022-இல் அதன்படி நகரங்களில் தேர்தல் நடந்தது. நெசவுத் தெருவில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. தறியில் ஆணின் பெயர் இருக்கும்; நூல் இழைப்பதும் பாவுக்கு நிற்பதும் ஜரிகை சுற்றுவதும் பெண். அவளுக்குத் தெரியாத தெருப் பிரச்சினை கிடையாது. ஆனால் 'கவுன்சிலர் வீட்டுக்காரர்' என்ற அதிகாரப்பூர்வமற்ற பதவி தமிழ்நாட்டில் எந்தச் சட்டத்திலும் இல்லாமலேயே எல்லா நகராட்சியிலும் நடைமுறையில் இருக்கிறது. போனை எடுப்பது அவர், ஒப்பந்ததாரரிடம் பேசுவது அவர், பொறியாளர் அறையில் நாற்காலி போடப்படுவதும் அவருக்கு. 2023-இல் நகராட்சி உறுப்பினர்களுக்கு மாதம் 5,000 ரூபாய், தலைவருக்கு 15,000 ரூபாய் மதிப்பூதியம் அறிவித்தார்கள். கூலி நெசவை விட்டுவிட்டு ஒரு பெண் முழு நேரம் வார்டு வேலை பார்க்க இது கட்டுப்படியாகாது. அந்த நேரத்தை வாங்கும் அளவுக்கு ஊதியம் கொடுக்காமல் ஊழலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காமல் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் முறை, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் திரும்பி வந்தது. அதன் பலனை 2022 மார்ச் 4 அன்றே பார்த்தோம். கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தி.மு.க.வினரே போட்டி போட்டு ஜெயிக்க, வென்றவர்கள் உடனே விலக வேண்டும் என்று முதல்வர் அறிக்கை விட நேர்ந்தது. பக்கத்துப் பட்டு ஊரான காஞ்சிபுரத்தில் 2024 ஜூலையில் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். வாக்கெடுப்பு நாளில் உறுப்பினர்கள் வராததால் அது தோற்றது. ஊர் முழுக்கப் பேச்சு அதுவாகவே இருந்தது. அந்த மாதங்களில் காஞ்சியில் எத்தனை தறி நின்றது என்று யார் பேசினார்கள்? உறுப்பினர்களைத் தக்கவைத்துக்கொள்வதே தலைவரின் முழுநேர வேலையாகும்போது தெருவைப் பற்றிப் பேச நேரம் எங்கே?

ஆரணிக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். ஆரணி இருக்கும் திருவண்ணாமலை மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். நகரத்துக்கு நூல் இழைத்துக் கொடுக்கும், நகரத்துக் கடைக்குச் சேலை நெய்து அனுப்பும் சுற்றுப்புற ஊராட்சிகளில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போனது. எல்லாரும் அதற்குப் பழகிவிட்டார்கள் என்பதுதான் கவலை.

நகராட்சிக்கும் அதே கதி வரலாம். நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக அறிவித்திருக்கிறார்கள். ஆரணி மன்றத்தின் ஐந்தாண்டும் அதே மாதத்தில் முடிகிறது. ஊழியர்கள் கணக்கெடுப்பில் இருக்கிறார்கள், புதிய மக்கள்தொகை வந்த பிறகு வார்டு பிரிக்கலாம், பிறகு இட ஒதுக்கீட்டைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் காரணம் கையில் தயாராக இருக்கிறது. 2016-இல் தேர்தல் இடறி விழுந்தது இட ஒதுக்கீட்டில்தான். வார்டு எல்லைகளும் ஒதுக்கீட்டுப் பட்டியலும் முன்கூட்டியே வெளியாகி, ஆட்சேபங்கள் கேட்டு முடிக்கப்பட வேண்டும் என்று மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் கேட்க, இப்போது இருக்கும் மன்றத்துக்கே உரிமை இருக்கிறது. அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் அதை முதலாவதாகவும், நெசவாளர் தெருக்களின் சாலை மட்டத்தை இரண்டாவதாகவும் சேர்க்கலாம்.